போதகர் விட்டுச்சென்ற நகவெட்டி

டிவிக்குப் பக்கத்தில், பழைய பிஸ்கட் டின்னுக்குள் ஒரு நகவெட்டி கிடக்கிறது. முனை மழுங்கிவிட்டது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வரும்போதெல்லாம் மகன் அதைத் தூக்கிப் போடச் சொல்கிறான். நான் போடவில்லை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் இதை இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்க மனம் ஒப்பவில்லை. சபை ஊழியத்துக்கு வந்துவிட்டு, பேச வரவில்லையே என்று மனம் உடைகிற பிள்ளைகள் யாராவது வாசித்தால் போதும்.

அது ஓர் இளம் போதகருடையது. சாவிக்கொத்தில் மாட்டியிருப்பார். கிள்ளானில் எங்கள் சபைக்கு அவர் வந்தபோது என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். துறைமுகத்தில் பெரிய லோரி ஓட்டிய மனிதர். ஒரு கையும் காலும் போய், பேச்சும் குழறியதிலிருந்து யாரையும் கிட்டே விடமாட்டார். ஜெபிக்க வருகிறவர்களைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். குளிப்பாட்டுவது, துடைப்பது எல்லாம் நான்தான். உதவி கேட்டுப் பழகியவள் இல்லை நான். நகம் வெட்டப் போனால் மட்டும் என் கையைத் தட்டிவிடுவார். நகம் வளர்ந்து, தூக்கத்தில் தன் நெஞ்சைத் தானே கீறிக்கொள்வார்.

அந்தப் போதகருக்குப் பிரசங்கம் சரியாக வராது. பாதியில் நின்றுவிடுவார், வேர்வையைத் துடைப்பார். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, "பாஸ்டர் மெசேஜ்ல உப்பே இல்லலா, கறிபஃப்லயாச்சும் இருக்கு" என்று அவர் காதில் விழும்படியே சிரிப்பார்கள். ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தவர் வாசல் கேட் அருகிலேயே நின்றுவிட்டார்.

"ஆன்டி, நான் ஊழியத்த விட்டுடப் போறேன். பழைய கம்ப்யூட்டர் வேலைக்கே போயிடலாம்னு இருக்கேன். அங்கிள்கிட்ட சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

எனக்கு அவரைத் தேற்றத் தெரியவில்லை. அவ்வளவு களைப்பு. "வெயில்ல நிக்காதீங்க பாஸ்டர், உள்ள வாங்க" என்றேன்.

கட்டிலருகே உட்கார்ந்து வேதாகமத்தைத் திறந்தார். வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். போதகர் அதை மூடிவிட்டார்.  பிறகு நெஞ்சில் இருந்த கீறல்களைப் பார்த்தவர் சாவிக்கொத்தை எடுத்து, "அங்கிள், நகம் வெட்டிவிடட்டுமா?" என்றார். தட்டிவிடப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். வீட்டுக்காரர் மெல்லத் திரும்பிக் கையை நீட்டினார். "விரல... விட்டுட்டு... வெட்டு" என்றார்.

போதகர் சிரித்துவிட்டார். கண்ணிலும் தண்ணீர். கை முடிந்து, கால் நகமும் வெட்டினார். ஜெபம் எதுவும் செய்யவில்லை. எழுந்தபோது வீட்டுக்காரர்தான் கேட்டார்: "எப்ப... வருவ?"

போதகர் என்னைப் பார்த்தார். "நகம் வளந்துக்கிட்டேதான் இருக்கும், பாஸ்டர்" என்றேன். தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னேன்.

அவர் ஊழியத்தை விடவில்லை. வந்துகொண்டே இருந்தார். நகவெட்டியை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டார். பிரசங்கம் கடைசிவரை அப்படியேதான் இருந்தது. வீட்டுக்காரரின் அடக்க ஆராதனையிலும் பாதியில் நின்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை. பிறகு மாற்றல் வந்து வேறு ஊருக்குப் போனார்.

இப்போது சபைக்குப் புதிதாக ஒரு போதகர் வந்திருக்கிறார். மீசை சரியாக முளைக்காத முகம். நேற்று என்னைப் பார்க்க வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "என்ன சொல்லி ஜெபிக்கிறதுன்னே தெரியல ஆன்டி. எதுக்கு வரேன்னு சில நேரம் எனக்கே தெரியல" என்றார்.

இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து என்னால் குனிய முடிவதில்லை. ஆலயத்துக்குக் காலில் மாட்டிப்போகிற சப்பாத்தில் நகம் இடிக்கிறது. மகனிடம்கூடச் சொன்னதில்லை. மருமகள் கேட்டால் வெட்டியாச்சு என்பேன். பிறத்தியார் யாரும் இதுவரை என் காலைத் தொட்டதில்லை.

 பிஸ்கட் டின்னை எடுத்து அந்தப் பிள்ளையின் மடியில் வைத்தேன்.

"முனை மழுங்கிருச்சு பாஸ்டர், அழுத்திப் பிடிக்கணும்" என்று சொல்லிக் காலை நீட்டினேன்.