தட்டுக்குப் பின்னால் மூன்று கோடைகள்

சரியான ஆள் கிடைக்கிற வரைக்கும்தான் என்று சொல்லித்தான் என்னை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். மூன்று கோடைகாலம் அந்தப் பேச்சு என் தலைக்கு மேலேயே நின்றது.

நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேக்குப் பக்கத்தில், ஒரு மருந்து நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. மாத்திரைகள் சொன்ன நேரத்துக்குள் கரைகின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திடுவேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோடை வந்துவிட்டால் வியாழக்கிழமை மாலைகளில் நிறுவனத்தின் பிரிவுகளுக்குள் சாஃப்ட்பால் போட்டி நடக்கும். பேஸ்பாலுக்குத் தங்கை முறை என்று வைத்துக்கொள்ளலாம். பந்து கொஞ்சம் பெரிது, கையைத் தாழ்த்தி மேலே தூக்கிப் போடுவார்கள், மற்றபடி விதிகள் ஏறக்குறைய அதேதான். ஆண்களும் பெண்களும் கலந்த அணி. மூன்று பெண்களாவது களத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடாமலே தோற்றதாகக் கணக்கு. எங்கள் பிரிவில் விருப்பமுள்ள பெண்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

அணித்தலைவர் எங்கள் கருவிகளைப் பழுது பார்க்கும் நெட்டையான மனிதர். ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

"எனக்கு ஆடத் தெரியாது" என்றேன்.

"தெரியவே வேண்டாம். கேட்சர் இடத்தில் உட்காருங்கள். மட்டையில் படாத பந்தைப் பிடித்து, போட்டவருக்கே திருப்பி எறியுங்கள். சரியான ஆள் கிடைக்கிற வரைக்கும்தான்."

அன்று இரவு சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். அவர் கிரிக்கெட் பைத்தியம். ஈரோட்டில் கல்லூரி அணியில் பன்னிரண்டாவது ஆளாக இருந்து தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவர்.

"ஏம்புள்ள, கேட்சருன்னா நம்ம விக்கெட் கீப்பரு. ஸ்டம்ப்பு மட்டும் இருக்காது."

"பந்து மூஞ்சில பட்டுருச்சுன்னா என்னங்க பண்றது?"

"அதுக்குத்தான் முகமூடி தர்றாங்க. நீ யாருன்னே தெரியாது. மானம் போனாலும் உம்பேருல போவாது."

"நீங்க பாக்க வர வேண்டாமுங்க."

"வராம இருப்பனா? நாற்காலிய கார்ல ஏத்தியாச்சு."

பேட்டிங் செய்பவரின் காலடியில், தரையோடு தரையாகப் பதித்த ஒரு வெள்ளை ரப்பர் தட்டு இருக்கும். அதைத்தான் ஹோம் பிளேட் என்பார்கள். அடித்தவர் களத்தின் மற்ற மூன்று முனைகளையும் சுற்றி ஓடி வந்து அந்தத் தட்டைத் தொட்டால் ஒரு ரன். தொடுவதற்கு முன் பந்து இருக்கும் கையால் கேட்சர் அவரைத் தொட்டுவிட்டால் அவுட். அந்தத் தட்டுக்குப் பின்னால் குத்தவைத்து உட்காருவதுதான் என் வேலை.

உட்காருவதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த ஆண்கள் பாதி ஆட்டத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்களாம். நான் இரண்டு குதிகாலும் தரையில் பதிய, ஆட்டம் முழுவதும் அப்படியே இருந்தேன். எங்கள் அணியில் பந்து போடுபவர் அலுவலகச் செயலாளர், ஓய்வு பெறப்போகும் வயதுடைய அம்மாள். முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, "உனக்கு முழங்கால் என்று ஒன்று இருக்கிறதா?" என்று குனிந்து பார்த்தார்.

அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்திருந்தால் எதிரில் தெரிவது கால்கள்தான். ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். எனவே கால்களைப் பார்த்தேன். இடப்பக்கம் அடிக்க நினைப்பவரின் முன்கால் விரல்கள் பந்து வருவதற்கு முன்பே அந்தப் பக்கம் திரும்பிவிடும். அவசரக்காரருக்குக் குதிகால் தூக்கும். பயந்தவர் தட்டை விட்டு அரையடி தள்ளி நிற்பார். அதற்குத் தக்கபடி என் கையுறையை நகர்த்தி வைப்பேன். அந்த அம்மாள் ஒன்றும் கேட்கமாட்டார், கையுறை இருக்கும் இடத்துக்குப் பந்தை அனுப்பிவிடுவார்.

இரண்டாவது கோடையில் எங்களைத் தோற்கடிப்பது சிரமமாகிவிட்டது. பேக்கிங் பிரிவில் ஒரு மலை போன்ற மனிதர் இருந்தார். மற்ற அணிகளின் பந்தைக் கார்கள் நிற்கும் இடம் வரைக்கும் அடிப்பவர். எங்களிடம் மட்டும் அவர் அடித்ததெல்லாம் வானத்துக்குப் போய் யாருடைய கையிலாவது வந்து விழுந்தது. தன்னை விட்டுத் தள்ளிப் போகும் பந்தைப் பார்த்தால் அவரால் சும்மா இருக்க முடியாது, எட்டி அடிப்பார். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

"பின்னால் உட்கார்ந்து என்ன மந்திரம் போடுகிறீர்கள்?" என்று ஒருமுறை திரும்பிக் கேட்டார்.

"ராத்திரிக்குக் கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

அடுத்த பந்தையும் அவர் வானத்துக்குத்தான் அடித்தார். அதன் பிறகு சாப்பாட்டுக் கூடத்தில், முன்பின் தெரியாதவர்கள் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தங்கள் காலில் என்ன குறை என்று கேட்க ஆரம்பித்தார்கள். மொத்த நிறுவனத்திலும் என்னைக் 'கேட்சர்' என்றே கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. உள்ளதைச் சொன்னால், மிகவும் பிடித்திருந்தது.

மூன்றாவது கோடையில் அந்தச் சரியான ஆள் வந்தாள். பல்கலைக்கழக அணியில் கேட்சராக ஆடியவள், இருபத்து மூன்று வயது, எங்கள் கூடத்திலேயே புது வேதியியலாளராகச் சேர்ந்தாள். நல்ல பெண். என்னிடம்தான் கருவிகளைக் கையாளக் கற்றுக்கொண்டாள். அவள் கேட்சராக ஆடியவள் என்று தெரிந்த அன்று தலைவரின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

இறுதிப் போட்டி நடந்த வாரம், திங்கட்கிழமை, அவர் என் மேசைக்கு வந்தார்.

"இதுவரை அருமையாகச் செய்தீர்கள். வியாழக்கிழமை அவள் பிடிக்கட்டும். நீங்கள் வலது கோடியில் நின்றுகொள்ளுங்கள். அங்கே பந்து வராது."

பதவி உயர்வைக்கூட நான் வாய் திறந்து கேட்டவள் இல்லை. ஆனால் அன்று கேட்டேன்.

"முடியாது. அது என் இடம்."

"தோற்றுவிட்டால்?"

"தோற்றால் அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட வேண்டாம்."

அவர் பந்து போடும் அம்மாளிடம் போனார். அந்த அம்மாள் தட்டச்சு செய்வதை நிறுத்தாமலே, "அவள் உட்காராவிட்டால் பந்து போட வேறு ஆளைப் பாருங்கள்" என்றாராம். புதுப்பெண்ணோ மூன்றாவது முனையில் நிற்கத் தனக்கு ஆசை என்று சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை என் இடத்தில் நானே உட்கார்ந்தேன். அந்த இடம் அந்த ஒரு மாலையோடு போய்விடுமா இல்லையா என்பதுதான் மிச்சம்.

எதிரணி பேக்கிங் பிரிவு. கடைசிச் சுற்று, நாங்கள் ஒரு ரன் முன்னால். அவர்களுக்கு இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் போனால் ஆட்டம் முடிந்தது. ஆனால் இரண்டாவது முனையில் அந்த மலை மனிதர், முதல் முனையில் இன்னொருவர். மலை மனிதர் தட்டைத் தொட்டால் சமன், இரண்டு பேரும் தொட்டால் நாங்கள் காலி.

அடுத்து அடிக்க வந்தவர் பந்தைத் தாழ்வாக இடப்பக்கம் விரட்டினார். களத்தின் ஓரத்தில் நின்ற எங்கள் ஆள் அதைப் பொறுக்கிப் புதுப்பெண்ணிடம் எறிய, அவள் அதை என்னை நோக்கி எறிந்தாள். அப்படி ஒரு எறி அதற்கு முன் என் கைக்கு வந்ததில்லை. கையுறைக்குள் பந்து அடங்கியபோது மலை மனிதர் இரண்டு கஜ தூரத்தில் இருந்தார். கையுறையை நீட்டினேன். அவர் வளைந்து விலகி, புழுதியில் சறுக்கி, தட்டைத் தாண்டிப் போய்க் குப்புற விழுந்தார். என் கையுறை காற்றைத்தான் தொட்டது.

போயிற்று, சமன் என்று நினைத்தேன். மற்றவரையாவது மூன்றாவது முனையில் நிறுத்தலாம் என்று பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அம்பயர் ஏன் எதுவும் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது: அந்த மனிதரின் கை தட்டுக்கு மேலே வீசிப் போனதே தவிர, தட்டைத் தொடவில்லை. நானும் அவரைத் தொடவில்லை. யாராவது எதையாவது தொடும் வரை அம்பயர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

திரும்பிய வேகத்தில் என் ஷூ, கீழே கிடந்த அவருடைய விலாவில் நன்றாக இடித்துவிட்டது.

கால் ஒருவர் மேல் பட்டுவிட்டால் நம் கை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது என்னைக் கேட்கவில்லை. குனிந்து, பந்து இருந்த கையாலேயே அவர் தோளைத் தொட்டு, அந்தப் பந்தோடு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டேன்.

"அவுட்!" என்று அம்பயர் கத்தினார்.

எனக்கு முதலில் யாரைச் சொல்கிறார் என்றே புரியவில்லை. புதுப்பெண் ஓடி வந்து என்னைத் தரையிலிருந்து அலாக்காகத் தூக்கிவிட்டாள். நாற்காலி கவிழ்ந்தது தெரியாமல் என் கணவர் "ஹவ்ஸாட்! ஹவ்ஸாட்!" என்று இரண்டு கைகளையும் உயர்த்திக் குதித்துக்கொண்டிருந்தார். பந்து போடும் அம்மாள் மெதுவாக நடந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளினார்.

மலை மனிதர் புழுதியில் உட்கார்ந்தபடியே கேட்டார். "இப்போது என்ன செய்தீர்கள்?"

"என் கால் உங்கள் மேல் பட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்."

"மன்னிப்புக் கேட்டா என்னை அவுட் ஆக்கினீர்கள்?"

"ஆமாம். வலிக்கிறதா?"

அவர் சிரித்த சிரிப்பு கார்கள் நின்ற இடம் வரை கேட்டிருக்கும். கை கொடுத்தேன், என்னால் அவரைத் தூக்க முடியவில்லை, அவரே எழுந்துகொண்டார்.

எல்லோரும் கிளம்பும் நேரத்தில் தலைவர் தன் காரின் டிக்கியைத் திறந்து, முகமூடி, மார்புக் கவசம், கையுறை எல்லாம் இருந்த நீளமான பையை எடுத்துவந்து என் காலடியில் வைத்தார்.

"இனி இது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார். நான் பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டேன். வெற்றிக் கோப்பை என்று ஒன்றும் தந்தார்கள். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

என் கணவர் எங்கள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏம்புள்ள, இவ்வளவு பெரிய பைய எங்க வெக்கிறது? டிக்கில எடமில்ல."

"முன்னாடி சீட்டுல வைங்க."

"அப்ப நான்?"

"நீங்க பின்னால ஏறிக்குங்க. வண்டிய நான் ஓட்டறேன்."