தோளை மறந்த கை

என் பிசியோதெரபி அறைச் சுவரில், வெள்ளையடித்தும் மறையாத ஒரு தேய்ந்த தடம் உண்டு. தோள்பட்டைத் தசைநார் நைந்து வருகிறவர்கள், உள்ளங்கையில் துண்டை வைத்து மேல்நோக்கித் தள்ளித் தள்ளி உண்டான தடம். அதைப் பார்த்தாலே சங்கு குளிக்கிற அண்ணாச்சி ஒருவர் நினைவுக்கு வந்துவிடுவார்.

கை தோளுக்கு மேல் எழாமல் வந்தவர். எழுந்தால்தான் மறுபடி வள்ளத்தில் ஏற்றுவார்கள். எல்லோரிடமும் சொல்வதுபோல, "தோளையே கவனிச்சுத் தூக்குங்க" என்றேன். மனிதர் உடனே மூச்சை அடக்கிவிட்டார். கவனம் என்றாலே அவர் உடம்புக்குக் கடலடிதான். கழுத்து விறைத்து, தோள் காதுவரை ஏறி, கை பாதியில் நின்றுவிடும். மூச்சை விடச் சொல்லிக் கத்துவேன். "விட்டா தண்ணி குடிச்சிருவேம்லா?" என்று சிரிப்பார். எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

கூடவே வரும் அவர் மனைவி சிரிக்கமாட்டார். ஒருநாள் அண்ணாச்சி வெளியே போனதும் அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, சோறு திங்க, சட்டை மாட்ட கை வந்தாப் போதும். அதுக்கு மேல வேண்டாம். எங்கண்ணன் இவியளோட முங்கப் போனவந்தான். மேல வரவேயில்ல."

யார் கடலுக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

தோளைக் கவனிக்கச் சொன்னால்தான் அண்ணாச்சி மூச்சடக்குகிறார் என்பது மெல்லப் பிடிபட்டது. அதன்பிறகு அவரிடம் தோள் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. துண்டு எதுவரை போகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டு, ஏதாவது கேட்டு வாயைக் கிளறிக்கொண்டே இருப்பேன். பேசுகிறவரால் மூச்சடக்க முடியாதே. மெல்ல மெல்லக் கை ஏறியது. ஒருநாள் பயிற்சி முடிந்து உட்கார்ந்திருந்தவரிடம், கடலடியிலிருந்து அண்ணாந்தால் என்னதான் தெரியும் என்று கேட்டேன்.

"இங்கன நான் மண்ணுல கிடக்கேன்னு வைங்க. வள்ளத்தோட அடிவயிறு அந்தா, அங்கன..."

கை நேராகத் தலைக்கு மேல் நின்றது. அவருக்கே தெரியவில்லை. பெஞ்சில் இருந்த அக்கா பார்த்துவிட்டார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டுத் திரும்பிய அண்ணாச்சி, அப்புறம்தான் தன் கையைப் பார்த்தார். இறக்கவில்லை.

"போங்க," என்றார் அக்கா, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "ஆனா சங்கு கண்ணு முன்னால கெடந்தாலும், மூச்சு முட்டுச்சுன்னா விட்டுட்டு வந்துரணும். கேட்டியளா?"

"வந்துருவேன்ளா."

அவர் கடலுக்குப் போகும் நாட்களில் இப்போதும் என் போன் அடிக்கும். "கரைக்கு வந்துட்டாவ டாக்டரம்மா" என்பார் அக்கா. வேறு எதுவும் பேசமாட்டார். அது வரும்வரை எனக்கும் வேலை ஓடாது.