லொறி நின்றுபோன வாரங்கள்

லொறி முதன்முதலாக நின்றது லிந்துலையிலிருந்து நானுஓயா போகும் ஏற்றத்தில். தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு ஏற்றிக்கொண்டு போனேன். எஞ்சின் திணறவில்லை, புகை விடவில்லை. யாரோ சுவிட்சைத் தட்டிவிட்டதுபோல ஒரேயடியாக அணைந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தி, இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டுப் பனிமூட்டத்தில் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகியபோது ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது.

ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்து, பிறகு என் கையில் ஒன்பது வருடம் ஓடிய லொறி அது. என் மனைவி குவைத்தில் முதல் நான்கு வருடம் வீட்டு வேலை செய்து வாங்கிக் கொடுத்தது. விடுமுறையில் வந்தபோது முன்சீட்டில் உட்கார்ந்து ஹட்டன் வரை ஒரு தடவை வந்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அதன் பிறகு திரும்பிப் போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

தலவாக்கலை கராஜில் டீசல் பில்டரை மாற்றினார்கள். பிறகு பம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் எஞ்சின் நன்றாகச் சூடானதும் நிற்கும். விறகு நேரத்துக்கு வராவிட்டால் தொழிற்சாலையில் கொழுந்து உலராது. அவர்கள் வேறு லொறியை அமர்த்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் வண்டியை ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட எங்கள் லயத்துக்குக் கீழே இருக்கும் வளைவில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

வேலை இருக்கும்போது பகலில் லயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும். பன்னிரண்டு கதவுகளும் சாத்தியிருக்கும். வீட்டுக்குள் உட்கார முடியாமல் நான் இறங்கிப் போய் லொறிக்குள் உட்கார்ந்துகொள்வேன். பகல் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசாத நாட்கள் இருந்தன. மாலையில் பேச வாயைத் திறக்கும்போது தொண்டை கட்டியிருக்கும்.

மாலை நான்கரை மணிக்கு மனைவி குவைத்திலிருந்து அழைப்பாள். அங்கே மத்தியானம். அவள் வேலை செய்த வீட்டில் கவனித்துக்கொண்ட வயதான அம்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம்.

"என்னங்க, ரோட்டுலயா இருக்கீங்க?"

முதல் நாள் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவள் குரல் களைத்திருந்தது. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அவள் என்ன செய்ய முடியும்?

"ஆமா. டீ குடிக்க ஓரங்கட்டியிருக்கேன்."

"எங்க?"

"கொட்டகலைல."

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒரு நாள் ஹட்டன், ஒரு நாள் நுவரெலியா. ஏற்றாத விறகை ஏற்றினேன், இறக்காத உரமூட்டையை இறக்கினேன். "அங்க மழையா?" என்று கேட்பாள். மழையைப் பற்றி மட்டும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான்காவது வாரம் யாரோ சொல்லி, நானுஓயாவில் ஸ்டேஷனுக்குப் போகும் பாதையில் இருக்கும் ஒரு வயரிங் பாஸிடம், வண்டி மின்சார வேலை செய்யும் மெக்கானிக்கிடம், போனேன். சிங்களவர், என்னைவிட இளையவர், தமிழ் சரளமாகப் பேசுவார். விடியற்குளிரில் வண்டியைக் கிளப்பி, இரண்டு இடத்தில் நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டு, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். பாஸ் நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசி நாளாகியிருந்தது. தேவைக்கு மேலேயே பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஸ்கேனரை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். பிறகு இடது பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, சாப்பாட்டுப் பார்சல் அளவில் இருந்த அலுமினியப் பெட்டி ஒன்றைக் காட்டினார். எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு டீசல் என்று தீர்மானிக்கிற கம்பியூட்டர் அதுதான் என்றார். ஒன்பது வருடம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்து சலூனுக்குப் போய், முடி காயவைக்கும் மிசினை வாங்கி வந்தார். சூடான காற்றை அந்தப் பெட்டியின் மேல் பிடித்தார். நான் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம் இருக்கும். எண்கள் மறைந்தன. எஞ்சின் அணைந்தது. ஏற்றத்தில் அணைந்ததுபோலவே, ஒரு முனகல்கூட இல்லாமல்.

"பாத்தீங்களா அண்ணே? எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல. மண்டையிலதான் கோளாறு."

ஆறவிட்டு, இன்னொரு தரமும் செய்து பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகுதான் பெட்டியைக் கழற்றித் திறந்தார். உள்ளே பலகையின் ஒரு மூலையில், செம்புக் கோடுகளின் மேல் பச்சை பூத்திருந்தது. முன்கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்து, மழைத் தண்ணீர் வயரோடு வயராக வழிந்து பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது.

"எத்தன வருஷத்து மழை இது," என்றார். "சுத்தம் பண்ணிக் குடுக்கலாம், ஓடும். ஆனா திரும்ப ஏத்தத்துல நிக்கும். அதுக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது. வேற பெட்டி போடுங்க. இந்த நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒண்ணா இருக்கணும்."

பழைய பெட்டியைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கொழும்புக்கு ரயில் ஏறினேன். ஜப்பான் வண்டிகளைப் பிரித்து விற்கும் கடை ஒன்றில் பெட்டிகள் கூடை கூடையாகக் கிடந்தன. கடைக்காரருக்குத் தேட நேரமில்லை, என்னையே தேடச் சொன்னார். கடையின் பின்பக்கம் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, நம்பரை வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டேன். மூன்று பெட்டிகளில் கடைசி எழுத்து மட்டும் பொருந்தவில்லை. இரண்டாவது கூடையின் அடியில் பொருந்தியது கிடைத்தது.

திரும்பும் ரயில் நாவலப்பிட்டியை விட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான்கரை மணி என்பதையே மறந்திருந்தேன்.

"என்னங்க, ரோட்டுலயா?"

"ஆமா, ஓரமா நிக்கிறேன்," என்றேன். அதே நேரம் ஒருவன் கூடையோடு "வடே, வடே, இஸ்ஸோ வடே" என்று என் காதோரம் கத்திக்கொண்டு போனான்.

"வடைக்காரன் லொறிக்குள்ளயே ஏறி விக்கிறானா?" என்றாள்.

உண்மையைச் சொன்னேன்.

"வண்டி நின்னு அஞ்சு வாரமாச்சு. கம்பியூட்டர் போச்சு. வேற வாங்கிக்கிட்டு ரயில்ல வர்றேன்."

"அஞ்சு வாரமா? அப்ப கொட்டகலை, ஹட்டன்னு சொன்னதெல்லாம்?"

"எல்லாம் லயத்துக்குக் கீழ வளைவுலதான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"நானும் அந்த வீட்டுல இல்லீங்க," என்றாள்.

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. இணைப்பு அறுந்தது.

வெளியே வந்ததும் திரும்ப அழைத்தேன், போகவில்லை. மறுபடியும் ஒரு சுரங்கம். எதிரே உட்கார்ந்திருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இல்லையென்றால் எங்கே? மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போனில் கோடுகள் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்கக்கூடாததை எல்லாம் நினைத்தேன். வட்டவளைக்குக் கிட்ட வந்தபோதுதான் அவள் திரும்ப அழைத்தாள்.

அந்த வயதான அம்மா இறந்து ஆறு வாரமாகிறது. வீட்டுக்காரர்கள் இவளை ஏஜென்சியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பதினொரு பெண்களோடு ஓர் அறையில் இருக்கிறாள். வேறு வீடு பார்த்துத் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

"ஏன் சொல்லல?"

"நீங்க ரோட்டுல வண்டி ஓட்டுற ஆளு. இதையே நெனச்சுக்கிட்டு ஓட்டினா என்னாகும்? அதான் அதே நேரத்துக்குப் போன் எடுத்தேன், சந்தேகம் வரக்கூடாதுன்னு."

நான் ஓட்டவே இல்லை. அவள் ஓடாத லொறிக்காக அவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்தம்மா போகும்போது கூட இருந்தியா?" என்று கேட்டேன்.

"நான் மட்டும்தான் இருந்தேன்," என்றாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியிருக்கவில்லை. ஹட்டன் வரும்வரை பேசினாள்.

மறுநாள் பாஸ் பெட்டரி வயரைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தார். பழைய பெட்டியின் பலகையிலிருந்து நகத்தைவிடச் சிறிய சில்லு ஒன்றை எடுத்து, கொழும்புப் பெட்டியின் பலகையில் வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். என் எஞ்சினின் கணக்குகள் அதற்குள் இருக்கின்றன, அது இல்லாமல் புதுப் பெட்டிக்கு இந்த வண்டியை அடையாளம் தெரியாது என்றார். கை நடுங்காமல் செய்தார். கண்ணாடி ரப்பரையும் மாற்றி, பெட்டியை நாலு விரல் உயரத் தூக்கி மாட்டினார். சாவியைத் திருகினேன். மஞ்சள் விளக்கு எரிந்து, அணைந்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. மறுபடி சலூன் மிசினைப் பிடித்தார். பத்து நிமிடம் சூடு காட்டியும் நிற்கவில்லை.

ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க என்னோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். போகும்போது, "அக்கா எப்ப வர்றாங்க?" என்று கேட்டார். சாதாரணமாக யாராவது கேட்டால், தீபாவளிக்கு என்று சொல்லிவைப்பேன். அன்று தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

இன்னும் மூன்று வாரம் கழித்து அவளுக்கு வேறு வீடு கிடைத்தது. நான்கு சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு. மத்தியானத்தில் யாரும் தூங்குவதில்லை. ஒப்பந்தம் முடிய ஒன்றரை வருடம் இருக்கிறது, அதுவரை வர முடியாது. தொழிற்சாலையில் எனக்கு வாரத்தில் மூன்று நாள் விறகு தருகிறார்கள். மற்ற மூன்று நாள் அந்த இன்னொரு லொறிக்கு.

அவள் இப்போது எந்த நேரத்தில் போன் எடுப்பாள் என்று தெரியாது. சில நாள் எடுப்பதே இல்லை. எடுத்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். முன்பு அவளை நல்ல வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளாக நினைத்துக்கொள்வேன். இப்போது அப்படி நினைக்க முடிவதில்லை.

போன வாரம் கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது எடுத்தாள். மழை. லொறிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"கையில எண்ணெய் தெறிச்சிருச்சுங்க."

"டொக்டர்கிட்ட காட்டினியா?"

"இன்னும் இல்ல."

"காட்டு," என்றேன். "எந்தக் கை?"

"சோத்துக் கை."

பின்னால் ஒரு பிள்ளை அழுதது. அவள் வைத்துவிட்டாள். மூட்டை இறக்கி முடித்தவர்கள் பின்பலகையை ஏற்றிப் பூட்டிவிட்டு, போகலாம் என்று இரண்டு தட்டுத் தட்டினார்கள். சாவியைத் திருகினேன்.