வலது மணிக்கட்டில் மஞ்சள்

நனையாத உடை என்று சொல்லித்தான் அதை எங்களிடம் கொடுத்தார்கள். எண்பதுகளின் தொடக்கம், டெல்லியில் மே மாதம். எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் குழாயில் காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும், பிறகு காற்றுதான் வரும். அந்த வீட்டின் முன்னறையில், மின்விசிறிக்கு நேர் கீழே, கழுத்து முதல் கால் வரை கனத்த ரப்பரில் நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே கம்பளிச் சட்டை, கம்பளிக் கால்சட்டை. எதிரே என் மனைவி, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வேலை பார்த்த ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து மூன்று பேர் லடாக்கில் ஓர் ஏரிக்குப் போவதாக ஏற்பாடு. கோடையிலும் ஓரத்தில் பனி மிச்சமிருக்கும் ஏரி. அதன் அடியில் வாழும் சிற்றுயிர்களை முங்கி எடுத்து வர வேண்டும். தூத்துக்குடிக் கடலில் முங்கிப் பழகியவன் நான். அங்கே அரைக்கால் சட்டை போதும். டெல்லிக்கு வந்த பிறகோ, பாட்டிலில் செத்து வெளுத்துக் கிடந்தவற்றைப் பார்த்துத்தான் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றையாவது உயிரோடு பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

ஆனால் அந்த உடை எனக்குப் பிடிபடவே இல்லை. தண்ணீர் உள்ளே வரக் கூடாது, காற்று வர வேண்டுமாம். காற்று வந்தால் மிதப்போம், மிதந்தால் முங்க முடியாது, முங்குவதற்கு இடுப்பில் ஈயக்கட்டியாம். காற்று காலுக்குப் போய்விட்டால் தலைகீழாகத் தொங்க வேண்டியதுதானாம். எங்கள் குழுத் தலைவர் கடற்படையில் இருந்து வந்த பஞ்சாபிக்காரர். எதைக் கேட்டாலும் "சிம்பிள் ஹை" என்பார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றும்.

பெரிய குழப்பம் நீச்சல் குளத்து ஒத்திகையில் வந்தது. தண்ணீரிலிருந்து ஏறி உடையைக் கழற்றினால் உள்ளே சொட்டச் சொட்ட ஈரம். ஓட்டையா, வியர்வையா? நான் நக்கிப் பார்த்தேன், தலைவர் மோந்து பார்த்தார். இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. அந்த ஏரியில் தண்ணீர் உள்ளே புகுந்தால் குளிரே ஆளைக் கொன்றுவிடும், நாளைக்கும் ஒழுகினால் உன்னை விட்டுவிட்டு இரண்டு பேராகப் போவோம் என்று இந்தியில் சொல்லிவிட்டார். மாற்று உடை கிடையாது.

வீட்டில் வந்து புலம்பினேன்.

"இதுக்கா இவ்வளவு யோசனை?" என்றாள் மனைவி. "உள்ள வெள்ளை முழுக்கை பனியன் போடுங்க. கழுத்துலயும் கையிலயும் ரப்பர் முடியிற எடத்துல வெளிப்பக்கமா மஞ்சளைக் குழைச்சுப் பூசிக்கங்க. தண்ணி உள்ள போனா மஞ்சளும் சேர்ந்து போகும். வேர்வை எங்கயாச்சும் மஞ்சளா இருக்குமா?"

எனக்கு இது இன்னொரு குழப்பம். நான் போவதில் அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை. அவளுடைய அண்ணன் காவிரியில் முழுகிப் போனவன். ஆர்டர் வந்த அன்றே என்னை மலை மந்திருக்கு இழுத்துக்கொண்டு போய், முருகன் சன்னிதியில் என் வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிற்றை இரண்டு சுற்று சுற்றிக் கட்டி அழுதவள். அவளே யோசனையும் சொல்கிறாளே என்று நினைத்தேன்.

மறுநாள் மஞ்சளும் கையுமாக என்னைப் பார்த்ததும் குளத்துக் காவலாளிக்கு ஒரே குஷி. "ஷாதி ஹை க்யா, சாப்?" என்றார். அவர்கள் பக்கத்தில் கல்யாண மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூசுவார்கள். எனக்கோ மஞ்சத்தண்ணி தெளித்த ஆட்டின் ஞாபகம்தான் வந்தது. தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன்.

ஏறி வந்து கழற்றினேன். கழுத்து வெள்ளை. இடது கை வெள்ளை. வலது கைப் பனியன் முழங்கை வரை மஞ்சள். தலைவர் உதட்டைப் பிதுக்கினார். ரப்பர் கிழிந்திருக்கிறது, திங்கட்கிழமை உன் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது.

வீட்டில் பனியனைத் துவைக்கப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் அதை எடுத்துப் போய்ச் சோப்புப் போட்டாள். சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும் இல்லையா, அப்படி மாறியதும் துவைக்கிற சத்தம் நின்றது. ரொம்ப நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க. கறை எங்கேர்ந்து கிளம்புதுன்னு பாருங்க."

கைப்பட்டியில் மெல்லிசாக இரண்டு கோடு. அங்கிருந்துதான் மேலே பரவியிருந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பனியனை அதன் மேல் வைத்தாள். இரண்டு கோடும் கயிற்றின் இரண்டு சுற்றில் போய்ப் பொருந்தின. கயிற்றின் நுனி ரப்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஓட்டை இல்லங்க. கயித்து வழியாத்தான் தண்ணி ஏறியிருக்கு."

இன்னும் இரண்டு தடவை கசக்கி அலசியிருந்தால் கோடு போயிருக்கும், நானும் வீட்டோடு இருந்திருப்பேன். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தையல் டப்பாவிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். நான் வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை.

"ஏன் சொன்ன?" என்று கேட்டேன்.

"கைய ஆட்டாதீங்க" என்றாள்.

தான் கட்டிய கயிற்றுக்கு அடியில் கத்தரிக்கோலை நுழைத்தாள்.