நாய்க்கு நெஞ்சு வலி

பொய் சொல்வதில் எனக்கு ஈடாக இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. எல்லாம் என் வீட்டுக்காரருக்காகச் சொன்னவை. அவர் பட்டாளத்தில் இருந்து, எல்லையில் சண்டை பார்த்து, முழுசாகத் திரும்பி வந்தவர். முழுசாக என்றுதான் ஊர் நினைத்தது. இப்போது கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். நேரம் தவறமாட்டார், சட்டையில் மடிப்புக் கலையாது. வெடிச்சத்தம் கேட்டால் மட்டும் அவர் நம்மோடு இருக்கமாட்டார், வேறெங்கோ போய்விடுவார்.

அதனால் தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு மாமல்லபுரம் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவோம். அலை இரைச்சலில் ஊர்ச் சத்தம் அமுங்கிவிடும். கேட்டவர்களிடம் வேண்டுதல் என்றேன். கடலுக்கு என்ன வேண்டுதல் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒன்று தயாராக வைத்திருந்தேன். மற்ற நாளிலும், வீட்டில் மதியம் அவர் அசந்து தூங்கினால் தொட்டு எழுப்பமாட்டோம். வாசற்படியில் நின்று டம்ளரில் கரண்டியால் தட்டுவோம். பழக்கம் தெரியாத புதிதில் ஒருமுறை தோளைத் தொட்டு எழுப்பினேன். தூக்கத்திலேயே என் கையை முறுக்கிவிட்டார், மணிக்கட்டு வீங்கிவிட்டது. அணுபுரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்ததில் சுளுக்கு என்று பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் சொன்னேன். மூன்று நாள் அவர்தான் எனக்குச் சோறு ஊட்டினார், என் முகத்தைப் பார்க்காமலே ஊட்டினார். அந்த மூன்று நாளும் அவர்மேல் எனக்குப் பொங்கிய பாசத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மகளுக்கு வரன் அமைந்ததும் வந்தது வினை. எங்கள் பக்கம் நிச்சயத்துக்கு வரும் மாப்பிள்ளை வீட்டார் வரிசைத் தட்டுகளோடு தெருமுனையில் இறங்கி, சரவெடி கொளுத்திவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். வெடி இல்லாவிட்டால் வந்த மாதிரியே கணக்கில்லை. இவருக்கோ ஒரே பயம், மகளின் விசேஷத்தில் நாலு பேர் நடுவே தரையில் விழுந்து அவள் மானத்தை வாங்கிவிடுவோமோ என்று. "நா டியூட்டிக்குப் போய்டறேன், நீயே நடத்திடு" என்றார். பெற்ற அப்பன் இல்லாமல் நிச்சயமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே சம்பந்திக்குப் போன் போட்டு, எங்கள் நாய்க்கு நெஞ்சு வலி, வெடிச்சத்தம் கேட்டால் உயிர் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். சம்பந்தி பொத்தேரியில் டிபன் கடை வைத்திருக்கிறார். பாவம், நம்பிவிட்டார்.

சொன்னபடியே வெடி இல்லாமல் வந்தார்கள். வந்ததும் சம்பந்தி முதலில் விசாரித்தது நாயைத்தான். அது மேளக்காரர் தவிலுக்குப் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. மருந்து மயக்கம் என்றேன்.

தட்டு மாற்றுகிற நேரம். பக்கத்துத் தெருவில் ஏதோ கட்சிக் கொடியேற்றம் போலிருக்கிறது, பத்தாயிரம் வாலா வெடிக்க ஆரம்பித்தது. நாய் காதைக்கூட அசைக்கவில்லை. என் வீட்டுக்காரர் எதிரில் நின்ற சம்பந்தியைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்த்து, அவர்மேல் கவிழ்ந்து, அவர் தலையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். ஆப்பிளும் லட்டும் பந்தல் முழுக்க உருண்டன. வெடி ஓய்ந்தது. கால் தடுக்கிவிட்டது என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு சம்பந்தியிடம் திரும்பினார். "நாய்க்கு ஒண்ணும் இல்ல சம்பந்தி. எனுக்குத்தான் ஆவறதில்ல. சண்டையில பக்கத்துல இருந்தவன இழுக்க லேட்டாயிடுச்சி. அன்னிலேர்ந்து சத்தம் கேட்டா கை தானா போவுது."

கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். சம்பந்தி சட்டையில் ஒட்டிய லட்டுத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இத்தினி பேர் கீறாங்க, என்னியத்தான் காப்பாத்தணும்னு தோணிச்சா ஒங்களுக்கு?" என்று கேட்டார். கையைக் கொடுத்து என் வீட்டுக்காரரைத் தூக்கிவிட்டார். உருண்ட லட்டுகளை நாய் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருந்தது.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் விஷயம் தெரியாத ஒரு பங்காளி சரவெடியைப் பிரித்தார். சம்பந்தி விறுவிறுவென்று போய், "வேணாம்ப்பா, எங்க சம்பந்திக்கு ஆவாது, சண்டைக்குப் போய் வந்தவரு" என்று ஊரறியச் சொன்னார். சர்க்கரைக்காரருக்குப் பாயசம் வைக்காதே என்று பந்தியில் சொல்வார்களே, அதே குரலில். பங்காளியும் அப்படியா என்று கேட்டுக்கொண்டு சரத்தைச் சுருட்டி வண்டியில் வைத்துவிட்டார். இவ்வளவுதானா? இதைச் சொல்ல முடியாமலா இத்தனை வருஷம் வேண்டுதல், சுளுக்கு, நாய் என்று அலைந்தேன்? எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், "இன்னாத்துக்கு அழற?" என்று கேட்டார்.

மகள் போகிறாளே என்றேன். பழக்க தோஷம்.