நாலு பாகை கூடுதல்

கிளிநொச்சியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் சுதர்சினி உதவியாளராக இருக்கிறாள். தகப்பன் கணபதியும் தாய் அழகம்மாவும் இனக்கலவரத்துக்குத் தப்பி மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டுப் பிழைத்தவர்கள். மகள் வெள்ளைக் கோட்டுப் போட்டு வேலைக்குப் போனது அந்த வீட்டில் பெரிய விசயம். சுதர்சினிக்கும் அப்படித்தான். ஐம்பதை நெருங்கியும் அந்தக் கோட்டைத் தானே தோய்த்து, தானே அயன் பண்ணுவாள்.

அங்கு அவளுக்கு மிகவும் பிடித்தது உருகுநிலை பார்ப்பது. மயிர்போல மெல்லிய கண்ணாடிக் குழாயில் வெள்ளைத் தூளை இறுக்கி, எண் ஒளிரும் வெப்பமானியின் கம்பியோடு சேர்த்துக் கட்டி, எண்ணெய்க்குள் இறக்கி மெதுவாகச் சூடாக்க வேண்டும். தூள் முதலில் வியர்க்கும், பிறகு சுருங்கும், கடைசியில் கண்ணாடிபோலத் தெளிந்த துளியாகிவிடும். அந்த நேரத்து வெப்பநிலைதான் பொருளின் அடையாளம். மாணவர்கள் செய்ய முன்னர் அவள் ஒவ்வொன்றையும் செய்து பார்த்துச் சரியான அளவை எடுத்து வைப்பாள்.

இந்த வருடம் பென்சோயிக் அமிலம் அவளைப் படாதபாடு படுத்தியது. நூற்று இருபத்திரண்டு பாகையில் உருக வேண்டியது நூற்று இருபத்தாறில் உருகியது. தூளை உலர்த்திப் பார்த்தாள். புதுப் போத்தல் திறந்து பார்த்தாள். அடுப்பை இன்னும் தணித்தும் பார்த்தாள். அதே நாலு பாகை கூடுதல்.

"மிஸ், இந்த வெப்பமானி பழுதாப் போச்சு போல" என்று விரிவுரையாளர் தனுஷாவிடம் போய்ச் சொன்னாள்.

தனுஷா அவளைவிட இருபது வயது இளையவள். வெப்பமானியை உருகும் ஐஸிலும் கொதிக்கும் தண்ணீரிலும் வைத்துப் பார்த்தாள். பிழையில்லை.

"அப்ப மருந்திலதான் ஏதோ கலந்திருக்கு."

"கலந்திருந்தா உருகுநிலை இறங்கும், அக்கா. ஏறாது" என்ற தனுஷா சற்று யோசித்தாள். "வாங்கோ, ரெண்டு பேருமாச் செய்து பாப்பம்."

மாணவர்கள் போய்விட்டிருந்தார்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வெப்பமானியின் எண்கள் பெரிதாக ஒளிர்ந்து மெல்ல ஏறின. நூற்று இருபத்திரண்டு தாண்டியது. தனுஷா குழாயையும் சுதர்சினியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னும் தூளாத்தான் இருக்கு மிஸ்" என்றாள் சுதர்சினி. கொஞ்ச நேரத்தால், "இப்பதான் உருகத் தொடங்குது."

தனுஷா அடுப்பை அணைத்தாள். "அக்கா, அது எப்பவோ உருகி முடிஞ்சுது."

பழுது தன் கண்ணில்தான் என்று சுதர்சினிக்கு விளங்கியது. இத்தனை மாதமாக எல்லாவற்றிலும் படிந்திருந்த புகையை அவள் எண்ணெய் ஆவி என்றே நினைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள். இனி இந்த வேலை போச்சு என்றுதான் முதலில் தோன்றியது.

"மிஸ், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"நான் ஏன் சொல்லப் போறன்? நாளைக்குக் கண் கிளினிக்குக்குப் போவம். நானும் வாறன்."

இரண்டு கண்ணிலும் புரை என்றார் டொக்டர். வெட்டி எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் முதலில் வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. கணவன் பாலன் பக்கத்தில் நின்றான். அவள் லீவில் இருந்த நாள்களில் உருகுநிலைகளைத் தனுஷாவே தன் வகுப்புகளுக்கு இடையில் வந்து எடுத்து வைத்தாள். அக்காவுக்கு என்ன என்று மாணவர்கள் கேட்டபோது, லீவு எடுத்திருக்கிறா என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

கட்டு அவிழ்த்துத் திரும்பி வரும்போது பஸ் ஆனையிறவு உப்பளத்தைக் கடந்தது. வெயிலில் உப்புக் குவியல்களின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோலத் தெரிந்தது. சுதர்சினி பாலனின் கையைப் பிடித்தாள். "அங்க பாருங்கோ, எவ்வளவு வெள்ளை!" அவன் எத்தனையோ தரம் பார்த்த உப்புத்தான். ஆனாலும் பார்த்தான்.

வேலைக்குத் திரும்பிய அன்று காலையிலேயே அவள் தனுஷாவின் அறைக்குப் போய் நின்றாள்.

"மிஸ், கண்ணை டொக்டர் தந்தார். அதுக்கு அவரைக் கும்பிட்டிட்டன். ஆனா அண்டைக்கு நீங்க சிரிக்கேல்லை, ஏசேல்லை, மற்றவைக்கு முன்னால என்னைக் குறைச்சுக் காட்டேல்லை. அதை எப்பிடிச் சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

தனுஷா எழும்பி வந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

"முதல்ல இருங்கோ அக்கா. தேத்தண்ணி குடிப்பம்."

இருவருமாக இருந்து, ஆறும்வரை கதைத்துக்கொண்டே குடித்தார்கள்.