கேபில் படித்த கண் ரிப்போர்ட்

மனைவிக்குக் கண்ணில் புற்றுநோய்க் கட்டி. பரிசோதனை ரிப்போர்ட் என் போனுக்கு வந்தபோது, ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க் நெரிசலில் ஆபீஸ் கேப் நகராமல் நின்றது. கட்டியில் ஏதோ ஒரு புரதம் இருப்பதாகப் போட்டிருந்தது. சாஃப்ட்வேரில் பிழை தேடியே தலை நரைத்தவன் நான். சோதனையில் எது அகப்பட்டாலும் எனக்குக் கெட்ட செய்திதான். வீடு சேர்வதற்குள் மனதில் அவளை வழியனுப்பியே விட்டேன்.

கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "டாக்டர் சொன்னாரா, இல்ல நீங்களே டாக்டராயிட்டீங்களா?" என்றாள்.

மறுநாள் டாக்டர் விளக்கினார். அந்தப் புரதம் கட்டியை அடக்கி வைப்பதாம். அது இல்லாமல் போனால்தான் கல்லீரலுக்குப் பரவும் பயம் அதிகமாம். இருப்பது நல்லதுதான், ஆனாலும் ஸ்கேனை விடக் கூடாது என்றார்.

இப்போது ரிப்போர்ட்டெல்லாம் அவள் போனுக்கே வருகிறது. டாக்டர் அறையில்தான் திறக்கிறோம். அதுவரை நான் கேபில் தூங்குகிறேன். அதாவது, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.